எல்லை தாண்டிய காட்டுப் பூங்கா அமைப்பது: சட்டம், வேலி, ரோந்து, பணம்

தொடுவானம் கேட்டது:

ஒரு மலைத்தொடரின் முகட்டில் இரு நாடுகளின் எல்லை. ஒரு பக்கம் ஏற்கெனவே தேசியப் பூங்கா, ஏறக்குறைய 900 சதுர கி.மீ. மறுபக்கம் 600 சதுர கி.மீ. காப்புக்காடு. அதில் பாதிக்கு மேல் மரக் குத்தகையில் இருக்கிறது, குத்தகை முடிய ஏழு ஆண்டு பாக்கி. யானையும் சிறுத்தையும் காட்டெருமையும் இரண்டு பக்கமும் போய் வருகின்றன. எல்லையில் பாதித் தூரம் கம்பிவேலி, மீதி வெறும் எல்லைக்கல். அடிவாரத்தில் 14 கி.மீ. தூரத்துக்கு ஆறுதான் எல்லை.

இதை இரண்டு நாட்டுக்கும் பொதுவான காட்டுப் பூங்காவாக்க ஒரு கருத்துரு எழுத வேண்டும். 'அமைதிப் பூங்கா' என்று அழகாக எழுதிவிடலாம், ஆனால் அமைச்சகத்தில் கேட்கும் முதல் கேள்விக்கே அது தாங்காது. அதனால் நடைமுறை தெரிந்தவர்களிடம் கேட்கிறேன்.

சட்டப்படி இது என்ன உருவம் எடுக்கும்? உடன்படிக்கை கையெழுத்தாகும் முன்பே வேலையைத் தொடங்கலாமா? வேலியை எப்போது, எவ்வளவு எடுக்கலாம்? வனக்காவலர்கள் எல்லை தாண்ட என்ன ஏற்பாடு? கணக்கெடுப்பை எப்படிப் பொதுவாக்குவது? ஆரம்பித்துப் பாதியில் நின்ற இடங்களில் என்ன தவறு நடந்தது என்பதும் தெரிந்தால் உதவியாக இருக்கும்.

---

எல்லைக்கல் எழுதியது:

சட்ட உருவத்தில்தான் பெரும்பாலான கருத்துருக்கள் சறுக்குகின்றன, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

'இரு நாடுகளுக்கும் பொதுவான ஒரே பூங்கா' என்று எழுதினால் வெளியுறவுத் துறையும் பாதுகாப்புத் துறையும் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடும். அவர்கள் காதில் அது நிலத்தைக் கூட்டாக ஆள்வது என்று விழும். நடைமுறையில் எல்லை அப்படியே இருக்கும். அந்தந்தப் பக்கத்துக்கு அந்தந்த நாட்டுச் சட்டம். இணைவது நிர்வாகம் மட்டும். உலகின் முதல் சர்வதேச அமைதிப் பூங்காவான வாட்டர்டன்–கிளேசியர், கனடாவும் அமெரிக்காவும் தத்தம் நாடாளுமன்றத்தில் சட்டம் இயற்றி 1932-ல் உருவாக்கியது. இன்றும் அங்கே இரண்டு நிர்வாகம், இரண்டு பட்ஜெட், இரண்டு நுழைவுக் கட்டணம். காட்டுக்கு நடுவே 6 மீட்டர் அகலத்துக்கு மரங்களை வெட்டி எல்லைக் கோட்டைத் தெளிவாக வைத்திருக்கும் வேலைகூட நிற்கவில்லை. ஆகவே முதல் பக்கத்திலேயே 'இந்த ஏற்பாடு எல்லைக் கோட்டையும் இறையாண்மையையும் எவ்விதத்திலும் பாதிக்காது' என்று தனிப் பத்தி போடுங்கள். தகராறில் இருக்கும் துண்டு நிலம் ஏதாவது இருந்தால் தொடக்கப் பரப்பில் அதைச் சேர்க்காதீர்கள். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது மறுபக்கத்தின் உள்நாட்டுப் பாதுகாப்பு. மரக் குத்தகையோடு கிடக்கும் காப்புக்காட்டை எதனுடனும் இணைக்க முடியாது. பிக் பெண்ட் தேசியப் பூங்கா அமெரிக்கப் பக்கத்தில் 1944 ஜூன் 12 அன்று அமைந்தது. எல்லை ஆறான ரியோ கிராண்டேயின் இரு கரையும் சேர்ந்து ஒரே சர்வதேசப் பூங்காவாகும்வரை பணி முழுமை அடையாது என்று அதே ஆண்டு அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மெக்சிகோ அதிபர் ஆவிலா கமாச்சோவுக்கு எழுதினார். மெக்சிகோ பக்கம் மாடெராஸ் டெல் கார்மெனும் சாண்டா எலேனா பள்ளத்தாக்கும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளானது 1994-ல். இடையில் 50 ஆண்டு! அங்கே நிலம் தனியாரிடமும் எஹிதோ என்னும் கூட்டுடைமைக் கிராமங்களிடமும் இருந்தது. நிலத்தை வாங்கி ஆட்களை வெளியேற்றும் முறை அங்கே எடுபடவில்லை. மக்கள் அங்கேயே வாழ்வதை ஏற்கும் வேறொரு பாதுகாப்பு வகையில்தான் காரியம் நடந்தது.

உங்களுக்கும் இது பொருந்தும். இரு பக்கமும் ஒரே வகைப் பூங்காவாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஐ.யு.சி.என். என்னும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வகைப்பாட்டில் மனிதத் தலையீடு குறைந்த வனப்பகுதி 1பி, தேசியப் பூங்கா 2. ஒரு பக்கம் 2 ஆகவும், மறுபக்கம் முகட்டை ஒட்டிய பட்டை 1பி ஆகவும், அதற்குக் கீழே வளப் பயன்பாட்டை அனுமதிக்கும் 6 ஆகவும் இருந்தால் ஒரு குறையும் இல்லை. குத்தகை முடிய ஏழு ஆண்டு காத்திருக்கவும் தேவையில்லை. முகட்டிலிருந்து 4–5 கி.மீ. பட்டையில் உள்ள கூப்புகளை (மரம் வெட்ட ஒதுக்கிய துண்டுகளை) மட்டும் கணக்கெடுத்து, அதே மதிப்புக்கு உள்தள்ளிய கூப்புகளை மாற்றித் தரப் பேசுங்கள். அந்தப் பட்டைக்குள் புதிய லாரிப் பாதை போடக் கூடாது என்ற நிபந்தனை மிக முக்கியம். வெட்டிய மரம் வளர்ந்துவிடும். ஆனால் லாரிப் பாதை வழியே வரும் துப்பாக்கியையும் குடியேற்றத்தையும் பின்னால் தடுப்பது மிகக் கடினம்.

உடன்படிக்கைக்குக் காத்திருக்க வேண்டுமா என்றால், வேண்டாம். கலகாடி பூங்காவுக்காகத் தென்னாப்பிரிக்காவும் அன்றைய பெச்சுவானாலாந்தும் (இன்றைய போட்ஸ்வானா) 1948-ல் செய்துகொண்டது வெறும் வாய்மொழி உடன்பாடு. நொசோப் ஆற்றின் வறண்ட படுகைதான் எல்லை, அதில் வேலி இல்லை. கூட்டு மேலாண்மைக் குழு 1992-ல் அமைந்தது. எழுத்து வடிவ ஒப்பந்தம் 1999 ஏப்ரல் 7-ல். திறப்பு விழா 2000 மே 12-ல். சுமார் 38,000 சதுர கி.மீ. பரப்பை ஐம்பது ஆண்டுக்கு மேல் நல்லெண்ணத்தால் மட்டுமே காத்திருக்கிறார்கள். வட ஐரோப்பியக் கரையோரத்து வாடன் கடல் இன்னொரு வகை. நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் மூன்றும் 1978 முதல் கூடிப் பேசி, 1982-ல் கட்டாயமில்லாத கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டு, 1987-ல் வில்ஹெல்ம்ஸ்ஹாவனில் பொதுச் செயலகம் வைத்துக்கொண்டன. செயலகம் இருந்ததால் வேலை தொடர்ந்தது.

உங்களுக்கு மூன்று அடுக்குக் காகிதம் போதும். முதலில், இரு பூங்கா அலுவலர்கள் இடையே துறைத் தலைவரின் ஒப்புதலோடு கடிதப் பரிமாற்றம்: தொடர்பு எண்கள், மாதம் ஒரு சந்திப்பு, தீ எச்சரிக்கை. இதற்கு யாருடைய கையெழுத்தும் தலைநகரிலிருந்து வர வேண்டியதில்லை. இரண்டாவது, துறைகளுக்கிடையே ஐந்தாண்டுப் புரிந்துணர்வு ஒப்பந்தம்: கூட்டுக் கணக்கெடுப்பு, பயிற்சி, தரவுப் பகிர்வு. மூன்றாவதுதான் அரசுகளுக்கிடையிலான உடன்படிக்கை. ஆட்கள் எல்லை தாண்டுவது, வரிவிலக்கு, வருமானப் பங்கீடு, பொதுச் செயலகத்தின் சட்டத் தகுதி ஆகியவை இதில்தான் வர முடியும். கையெழுத்தோடு இது முடியாது, இரு நாட்டிலும் ஏற்பளிப்பு நடக்க வேண்டும். அதற்கான கால இடைவெளியைத் திட்ட அட்டவணையில் தனியாகக் காட்டுங்கள்.

ஆறு எல்லையாக இருப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளத்தில் ஆறு தடம் மாறினால் எல்லையும் மாறுமா, பழைய தடத்திலேயே நிற்குமா என்பது அந்த இரு நாட்டு எல்லை ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அதைப் படித்து, ஆழ்நீரோட்டக் கோடா (ஆற்றின் ஆழமான தடம்), இரு கரைக்கும் நடுக்கோடா என்று குறித்துக்கொள்ளுங்கள். வரைபடத்திலும் ஒரு பொறி உண்டு. இரு நாட்டு நிலவரைபடங்கள் வெவ்வேறு டேட்டத்தில் (இடங்களை அளக்கும் அடிப்படை அளவுச்சட்டத்தில்) இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது சில நூறு மீட்டர்கூட விலகும். அந்த விலகலில் உங்கள் முகாம் கொட்டகை பக்கத்து நாட்டுக்குள் விழுந்ததுபோல் தெரியும், அது ஒன்றே போதும் பேச்சு முறிய. எல்லாவற்றையும் ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 டேட்டத்துக்கு மாற்றிவிட்டு, எல்லைக் கோட்டை மட்டும் நீங்களாக வரையாமல் இரு நில அளவைத் துறைகளும் ஒப்பிய ஆயங்களையே பயன்படுத்துங்கள்.

---

வேலியோரம் எழுதியது:

வேலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அப்படியே கணக்கெடுப்பையும்.

வேலி எடுக்கும் படம்தான் செய்தித்தாளில் வரும், அதனால் எல்லோரும் அதிலிருந்து தொடங்கப் பார்ப்பார்கள். அது கடைசிக்கு முந்தைய வேலை. முதலில் அந்த வேலி எதற்குப் போடப்பட்டது என்று கண்டுபிடியுங்கள். எல்லைக் காவலுக்கா, கால்நடை நோய்த் தடுப்புக்கா, யானை வராமல் இருக்கவா? வேலியின் சொந்தக்காரத் துறை அதற்கேற்ப மாறும். கால்நடைத் துறையின் வேலியை வனத்துறை பிரித்தால், இறைச்சி ஏற்றுமதியையே நிறுத்திவைக்கும் அளவுக்குப் பிரச்சினை போகலாம்.

நோய்க்கு உதாரணம் கிரேட் லிம்போபோ என்னும் எல்லை தாண்டிய பூங்கா. மொசாம்பிக், தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே மூன்றும் 2002 டிசம்பர் 9 அன்று ஒப்பந்தமிட்டன, சுமார் 35,000 சதுர கி.மீ. அதில் தென்னாப்பிரிக்கப் பக்கத்துக் குரூகர் பூங்காவின் எருமைகளில் மாட்டுக் காசநோய் 1990-ல் முதலில் தெற்கே கண்டறியப்பட்டது. அது மெல்ல வடக்கே நகர்ந்து, 2008-ல் ஜிம்பாப்வேயின் கொனரெஜோ பூங்கா எருமைகளிலும் தெரியவந்தது. கோமாரி வேறு மாதிரி. ஆப்பிரிக்க எருமை அந்த வைரஸை நோய்க்குறி ஏதும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தொண்டையில் சுமந்து திரியும். வேலி திறந்தால் பக்கத்துக் கிராம மாடுகளுக்குத் தொற்றும், அந்த மாவட்டத்து இறைச்சிக்குச் சந்தை மூடும். அந்த ஊர்க்காரர் பூங்காவை ஆயுளுக்கும் மன்னிக்க மாட்டார், அதில் நியாயமும் இருக்கிறது.

உங்கள் இடத்தில் காட்டெருமை இருப்பதால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் இரு பக்கமும் காட்டெருமை, கிராம மாடு இரண்டிலும் கோமாரி, காசநோய், புரூசெல்லா (கருச்சிதைவு உண்டாக்கும் பாக்டீரிய நோய்) பின்னணி ஆய்வு. அதன் முடிவு வரும்வரை வேலியில் கை வைக்க வேண்டாம். இரு பக்கமும் ஒரே நோய்நிலை என்றால் திறக்கலாம். ஒரு பக்கம் மட்டும் நோய் இருந்தால், நடு எல்லையில் திறக்கும் முன் வெளிச்சுற்றில் ஊர்ப்பக்கம் வேலியைப் பலப்படுத்த வேண்டும். அந்த வெளிவேலிக்கான பராமரிப்புப் பணம் உறுதியாகும்வரை உள்வேலி நிற்கட்டும்.

இறைச்சிச் சந்தையைக் காப்பாற்ற வேலி ஒன்றே வழி என்றும் இல்லை. உலக விலங்கு சுகாதார அமைப்பின் விதிகளில் எலும்பு நீக்கிய இறைச்சிக்கு வழி இருக்கிறது. அறுத்தபின் உடலை 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் குறைந்தது 24 மணி நேரம் பதப்படவிட வேண்டும், நீள்முதுகுத் தசையின் நடுவில் பி.எச். 6-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், நிணநீர்க் கணுக்களையும் எலும்பையும் நீக்க வேண்டும். தசையில் அமிலம் ஏறுவதால் அங்குள்ள வைரஸ் அழியும். எலும்பு மஜ்ஜையிலும் கணுக்களிலும் அமிலம் ஏறாது, அதனால்தான் அவற்றை எடுப்பது. கால்நடைத் துறையோடு பேசும்போது இதைக் கையில் வைத்திருந்தால் பேச்சு 'வேலி வேண்டும், வேண்டாம்' என்பதிலேயே முட்டி நிற்காது.

திறப்பதை முழு நீளத்துக்கும் செய்யாதீர்கள். யானைத் தடம், நீர்த்துறை, மலைக்கணவாய் ஆகியவற்றை ஓராண்டுக் கேமராப் பதிவிலும் சாணக் கணக்கிலும் உறுதிப்படுத்தி, அங்கே மட்டும் 300–500 மீட்டர் துண்டுகளாகத் திறந்து ஒரு முழுப் பருவம் பாருங்கள். எடுத்த கம்பியை அன்றே வண்டியில் ஏற்றிவிட வேண்டும். புதரில் விட்டுவந்த கம்பி அடுத்த மாதம் சுருக்குக் கண்ணியாகிக் கிடக்கும். திறந்த உடனே விலங்குகள் பாய்ந்து போகும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். பவேரியக் காட்டுக்கும் செக் பக்கத்து ஷுமாவாவுக்கும் இடையே இருந்த பனிப்போர்க் கால இரும்புத்திரை வேலி 1989-க்குப் பிறகு போய்விட்டது. அந்த வேலியையே பார்த்திராத தலைமுறைச் செம்மான்கள்கூட ஆண்டுகள் கடந்தும் பழைய கோட்டோடு நின்று திரும்புவதை ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டைகள் காட்டின. குட்டி தாயின் நடமாட்டத்தைக் கற்றுக்கொள்கிறது.

கணக்கெடுப்புக்கு வருவோம். இரு நாடும் தனித்தனியாக எண்ணினால் எல்லையில் திரியும் சிறுத்தை இரண்டு பட்டியலிலும் ஏறிவிடும். இதைத் தவிர்க்க ஒரே நேரம், ஒரே கட்ட அளவு, ஒரே பெயரிடும் முறை வேண்டும். 2 சதுர கி.மீ. கட்டம் என்றால் இரு பக்கமும் 2-தான். கட்டத்துக்கு ஒரு ஜோடிக் கேமரா, பாதையின் இருபுறமும் எதிரெதிராக, முழங்கால் உயரத்தில். சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளியும் வலப்பக்கப் புள்ளியும் வேறுவேறு, ஒரு பக்கப் படம் மட்டும் இருந்தால் ஒரே விலங்கு இரண்டாகும். மொத்தப் பதிவும் 45–60 நாளுக்குள் முடியட்டும். அதற்கு மேல் நீண்டால் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு கலந்து கணக்கே தப்பாகும்.

கேமராக் கடிகாரத்தைப் பலர் மறப்பார்கள். இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் நேர வித்தியாசம் 15 நிமிடம். அவரவர் உள்ளூர் நேரத்தில் கேமராவை வைத்துவிட்டால், அருகருகே உள்ள இரண்டு கேமராக்களில் ஒரே விலங்கு போன வரிசையே தலைகீழாகத் தெரியும். எல்லாக் கேமராவையும் உலகப் பொது நேரத்தில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றின் முதல் படத்திலும் ஜி.பி.எஸ். கருவியின் திரையைக் காட்டிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பின்னால் சந்தேகம் வந்தால் அந்தப் படம்தான் சாட்சி.

மாதிரிகளை எல்லை தாண்டிக் கொண்டுபோவதிலும் கவனம் தேவை. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் உள்ள விலங்கின் ரத்தம், திசு, முடி எதுவானாலும் சைட்டீஸ் ஏற்றுமதி, இறக்குமதி அனுமதி இரண்டும் வேண்டும். விலங்கைத் தொடாமல் பொறுக்கிய சாணத்துக்கும் சிறுநீருக்கும் சைட்டீஸ் அனுமதி பொதுவாகத் தேவைப்படாது, ஆனால் கால்நடைத் துறையின் உயிரியல் மாதிரி அனுமதி தேவைப்படலாம். இரு பக்கமும் தலா ஒரு ஆய்வகத்தில் ஒரே மரபணுக் குறியீட்டுத் தொகுப்பை வைத்துப் பரிசோதித்து, எண்களை மட்டும் பரிமாறிக்கொள்வது எளிது. மாதிரி எங்கும் பயணப்பட வேண்டாம்.

---

ரோந்துப்பாதை எழுதியது:

வேலியோரம் சொன்னதில் எனக்கு ஒரே ஒரு இடத்தில் மாறுபாடு. நோய்க்கு அடுத்து, வேலி திறக்கும் முன் கள்ளவேட்டைக்கு ஏற்பாடு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். குரூகருக்கும் மொசாம்பிக் பக்கத்து லிம்போபோ தேசியப் பூங்காவுக்கும் இடையே வேலியின் ஒரு பகுதி அகற்றப்பட்டது. பிறகு காண்டாமிருக வேட்டை பெருகியபோது, அதை மறுபடி போட வேண்டும் என்ற கோரிக்கை தென்னாப்பிரிக்காவிலேயே எழுந்தது. வேட்டைக்காரன் எல்லையைக் கடந்தால் போதும், துரத்தி வந்தவர் நிற்க வேண்டியதுதான். இரு பக்கமும் தண்டனை ஒரே அளவில் இல்லாவிட்டால் இன்னும் மோசம், தண்டனை குறைந்த பக்கத்தில் கும்பல் தங்கிக்கொள்ளும். ஆகவே உடன்படிக்கைப் பேச்சோடு கூடவே, இரு நாட்டு வனவிலங்குக் குற்றத் தண்டனைகளை ஒரு அட்டவணையில் பக்கத்துப் பக்கம் வைத்து, மேலோட்டமாகவேனும் சமன்படுத்தச் சட்டத் துறையிடம் கொடுங்கள்.

'விரட்டிக்கொண்டு எல்லை தாண்டலாம்' என்ற உரிமையைத் தொடக்கத்திலேயே கேட்காதீர்கள். ஆயுதத்தோடு இன்னொரு நாட்டுக்குள் போவது, ராணுவம் இருக்கும் எந்த எல்லையிலும் ஒப்புக்கொள்ளப்படாது. கேட்டாலே மற்றவையும் சந்தேகத்துக்குள்ளாகும். மாற்று, கையளித்தல் முறை. ஒரு பக்கத்து அணி தடயத்தை எல்லைக்கல் வரை பின்தொடர்ந்து, அந்தக் கல்லின் எண்ணையும் போகும் திசையையும் வயர்லெஸ்ஸில் சொல்லும். மறுபக்க அணி அங்கிருந்து தொடரும். இது வேலை செய்ய நான்கு காரியம் தேவை.

முதலாவது, பொது வயர்லெஸ் அலைவரிசை. இரு நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமும் ஒரே அலைவரிசையை ஒதுக்கித் தர மாதங்கள் ஆகும், விண்ணப்பத்தை முதல் மாதமே போடுங்கள். அது வரும்வரை ஒவ்வொரு முகாமிலும் பக்கத்து நாட்டு கைக்கருவி ஒன்றை எழுத்துப்பூர்வ அனுமதியோடு வைத்துக்கொள்ளலாம். செயற்கைக்கோள் தொலைபேசிக்குப் பல நாடுகளில் தனி உரிமம் வேண்டும், பையில் வைத்திருந்தாலே கைது செய்யும் இடங்கள் உண்டு. டிரோனும் அப்படியே. எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள் பறக்கக் கூடாது என்று எழுதி முகாம் சுவரில் ஒட்டுங்கள்.

இரண்டாவது, பொதுக் குறியீட்டு வரைபடம். எல்லைக்கல் எண், ஓடை, கணவாய்க்கு இரு மொழியிலும் வேறுவேறு பெயர் இருக்கும். எண்ணிட்ட ஒரே கட்டவரைபடத்தை இரு பக்கமும் அச்சடித்துப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தால், மொழி தெரியாவிட்டாலும் 'சி-14' என்று சொன்னால் போதும்.

மூன்றாவது, ஒரே ரோந்துப் படிவம். விருங்கா மலைகளில் காங்கோ ஜனநாயகக் குடியரசு, ருவாண்டா, உகாண்டா மூன்றிலும் காவலர்கள் கொரில்லாவையும் கண்ணிகளையும் ஒரே மாதிரிப் படிவத்தில் பதிந்ததால்தான் மலை முழுவதையும் ஒரே படமாகப் பார்க்க முடிந்தது. அரசுகளுக்கிடையே உறவு கெட்டிருந்த ஆண்டுகளிலும் களப்பணியாளர் தொடர்பு அறுபடவில்லை.

நான்காவது, சாட்சியம். இதில்தான் வழக்குகள் தோற்கின்றன. பிடிபட்ட தந்தம் ஒரு பக்கம், கொல்லப்பட்ட யானை மறுபக்கம் என்றால், மகஜர், முத்திரை, கைமாறிய நேரம், வாங்கியவர் கையெழுத்து எல்லாம் இரு நாட்டு நீதிமன்றமும் ஏற்கும் வடிவில் வேண்டும். இரு பக்க அரசு வழக்கறிஞர்களையும் ஒரு நாள் உட்காரவைத்து ஒரே படிவத்தை ஒப்பவையுங்கள். வனக்காவலர் கொடுக்கும் தகவலை நேரடியாகச் சாட்சியமாக்க முடியாத நாட்டில், அரசுகளுக்கிடையிலான சட்ட உதவிக் கோரிக்கை வழியாகத்தான் போக வேண்டும். அதற்கான மாதிரிக் கடிதமும் தயாராக இருக்கட்டும்.

காட்டுத்தீ பற்றி யாரும் சொல்லவில்லை. இது எளிதில் ஒப்புக்கொள்ளப்படும் விஷயம், அதனால் முதல் வெற்றியாக இதை வையுங்கள். அமெரிக்காவும் மெக்சிகோவும் 1999-ல் போட்ட காட்டுத்தீ ஒப்பந்தத்தில் எல்லைக்கு இருபுறமும் 10 மைல் பட்டையை வரையறுத்து, அதற்குள் அணிகள் தாண்டிவர வழி செய்தார்கள். உங்களுக்கும் அப்படி ஒரு பட்டை, முன்பே கொடுத்துவைத்த பெயர்ப்பட்டியல், பம்பு, குழாய், வண்டிக்குச் சுங்கத்தில் தற்காலிக அனுமதி தேவை. குழாய் இணைப்பின் மரை இரு நாட்டிலும் வேறாக இருக்கலாம். தீ எரியும்போது அது தெரியவந்தால் பயனில்லை, பொருத்து இணைப்பிகளை இரு பக்கக் கிடங்கிலும் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். இன்னொன்று, ஒரு பக்கம் இயற்கைத் தீயை எரியவிடும் கொள்கையும் மறுபக்கம் உடனே அணைக்கும் கொள்கையும் இருந்தால் ஒவ்வொரு ஆண்டும் சண்டை வரும். எந்தச் சரிவில் விடுவது, எதில் அணைப்பது என்று வரைபடத்தில் பிரித்துக்கொள்ளுங்கள்.

பழைய போர்முனை எல்லை என்றால் கண்ணிவெடி. ஜிம்பாப்வே–மொசாம்பிக் எல்லையில் 1970-களில் புதைத்தவை, பூங்காக்களை இணைக்கும் செங்வே வழியிலும் இருந்தன. துப்புரவுச் சான்றிதழ் இல்லாத துண்டுக்குள் கேமரா வைக்கக்கூட ஆள் அனுப்பக் கூடாது.

---

தொடுவானம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. கூப்பு மாற்றம், கையளித்தல் முறை இரண்டும் கருத்துருவில் இல்லாதவை, சேர்க்கிறேன். விட்டுப்போனது ஒன்று. குத்தகைப் பக்கத்தில் முகட்டுக்குக் கீழே நான்கு சிற்றூர்கள். எல்லை தாண்டி மேய்ச்சலும் தேன் எடுப்பும் நடக்கின்றன, இரு பக்கமும் ஒரே மொழி பேசும் உறவினர்கள். இவர்களுக்கு என்ன ஏற்பாடு? பணம் எங்கிருந்து வரும்?

---

ஊர்ப்பொது எழுதியது:

இதைக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள், கருத்துருவில் முன்னால் வையுங்கள்.

லிம்போபோ தேசியப் பூங்கா 2001-ல் அறிவிக்கப்பட்டபோது உள்ளே ஷிங்வேட்ஸி ஆற்றோரம் ஏறக்குறைய 7,000 பேர் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். இடமாற்றம் ஓரிரு ஆண்டில் முடியும் வேலையாகக் கருதப்பட்டு, பல ஆண்டுகளுக்கு இழுத்தது. போகும் இடத்தில் பாசன நிலமும் மேய்ச்சலும் சரியாக இல்லாதபோது யார் நகர்வார்கள்? அந்த இழுபறிக் காலம் முழுக்க யானை பயிரைத் தின்றது, வீடு கட்டவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. அந்த வருத்தத்தில் கள்ளவேட்டைக் கும்பலுக்கு ஆள் கிடைப்பது சுலபம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் குரூகரின் வடமுனையில் மகுலேகே மக்கள் நிலை வேறு. 1969-ல் வெளியேற்றப்பட்டவர்கள், 1998-ல் நில உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். அங்கே குடியேறாமல், நிலத்தைப் பூங்காவாகவே வைத்து, பூங்கா நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டு விடுதி வருமானத்தைத் தாங்களே பெறுகிறார்கள். நிலம் அவர்கள் பெயரில் இருப்பதால் கூட்டு மேலாண்மைக் குழுவில் அவர்கள் சொல்லுக்கு எடை இருக்கிறது. வெறும் 'ஆலோசனைக் கூட்டம்' அந்த எடையைத் தராது.

நான்கு ஊர்களுக்கும் செய்ய வேண்டியது இது. யார் எந்த மாதம் எந்தப் பாதையில் எதற்காக எல்லை தாண்டுகிறார்கள் என்று ஊர்க்காரரோடு நடந்தே வரைபடமாக்குங்கள். பிறகு அந்தப் பாதைகளுக்கு உள்ளூர் எல்லைச் சீட்டு கேளுங்கள்: படம் ஒட்டிய அட்டை, குறிப்பிட்ட ஊர்க்காரருக்கு மட்டும், குறிப்பிட்ட பாதையில், பகலில். பூங்கா வந்ததும் காவல் கூடி, தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த பாதை 'சட்டவிரோத எல்லைமீறல்' ஆகிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. தேன் உரிமை பருவத்தோடும் மேய்ச்சல் மந்தை எண்ணிக்கையோடும் எழுதப்பட வேண்டும். மேய்ச்சல் மாடுகளுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசியைப் பூங்காச் செலவில் போட்டால், வேலியோரம் சொன்ன நோய்ச் சிக்கலும் பாதி தீரும். பயிர்ச்சேத இழப்பீடு 30 நாளுக்குள் கையில் போய்ச் சேரவில்லையென்றால் அறிவிக்காமலே இருப்பது மேல்.

பணம். தொடக்கச் செலவுக்குக் கொடையாளர் கிடைப்பார்கள், கட்டடத் திறப்பு விழாவும் நடக்கும். பெட்ரோலுக்கும் சம்பளத்துக்கும் ஆறாவது ஆண்டில் யார் கொடுப்பது என்பதே கேள்வி. கேமரூன், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, காங்கோ குடியரசு மூன்றும் சேர்ந்த சங்கா முந்நாட்டுக் காட்டுக்கு 2007-ல் தனி அறக்கட்டளை நிதி அமைத்தார்கள். மூலதனம் முதலீட்டில் கிடக்கும், வருவாய் மட்டும் மூன்று பூங்காவுக்கும் போகும். பொதுவாக இத்தகைய நிதியில் ஆண்டுக்கு 4–5 சதவீதம் எடுக்கலாம் என்று கணக்கிடுங்கள். அப்படியென்றால் ஆண்டுச் செலவைப்போல் 20 முதல் 25 மடங்கு மூலதனம் தேவை. அந்தத் தொகையைப் பார்த்தபின் கூட்டுச் செயலகத்தில் எத்தனை பேர் என்பது தானாகச் சிறிதாகும். இரண்டு பேரும் ஒரு வண்டியும் போதும்.

சுற்றுலா வருமானத்தை அளவுக்கு மீறி எழுதாதீர்கள். கலகாடியில் நுழைவுக் கட்டணத்தைச் சரிபாதியாகவும், விடுதி வருமானத்தை அவரவருக்கும் என்று பிரித்தார்கள், கணக்கு எளிது. வந்த வாயில் வழியே திரும்புபவர் பூங்காவுக்குள் எல்லை தாண்டிச் சுற்றலாம், மறுநாட்டு வாயில் வழியே வெளியேறுபவர்தான் குடிநுழைவு முத்திரை வாங்க வேண்டும். இதற்கு நேர்மாறு கென்யாவின் மாசாய் மாராவும் தான்சானியாவின் செரங்கெட்டியும். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வில்டபீஸ்ட் மான்கள் ஆண்டுதோறும் கடக்கும் அந்தக் கோட்டைச் சுற்றுலாப் பயணி கடக்க முடியாது. 1977-ல் மூடிய பாதை அது. ஆனாலும் இரண்டு பூங்காவும் வருமானத்தோடுதான் இருக்கின்றன. ஆகவே பொது விசா கிடைக்காததால் திட்டமே வீண் என்று நினைக்க வேண்டியதில்லை.

---

எல்லைக்கல் எழுதியது:

கேள்வியில் இருந்த 'எங்கே தவறியது' என்பதற்கு ஒன்று சேர்க்கிறேன். பூங்காச் சட்டத்தை மீறும் சக்தி பாதுகாப்புச் சட்டத்துக்கு உண்டு. அமெரிக்காவில் 2005-ல் வந்த ரியல் ஐ.டி. சட்டம், எல்லைத் தடுப்புக் கட்டுமானத்துக்காகச் சுற்றுச்சூழல் சட்டங்களை ஒதுக்கிவைக்கும் அதிகாரத்தை உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலருக்குத் தருகிறது. பியாலோவியெஜா காடு போலந்து, பெலாரஸ் இரண்டுக்கும் பொதுவான உலகப் பாரம்பரியச் சொத்து. ஆனாலும் 2022-ல் போலந்து எழுப்பிய 5.5 மீட்டர் உயரத் தடுப்பு அந்தக் காட்டின் நடுவேயும் போகிறது. காட்டெருதுகளைப் பிரித்த பழைய சோவியத் வேலி ஏற்கெனவே 1981 முதல் அங்கே இருந்தது.

இதை எந்த ஒப்பந்த வாசகமும் முழுக்கத் தடுக்காது. செய்யக்கூடியது, எல்லைக் காவல் படையைக் கூட்டு மேலாண்மைக் குழுவில் முதல் நாளிலிருந்தே உறுப்பினராக்குவது. எந்த இடத்தில் தடுப்பு போட்டால் எந்தத் தடம் அடைபடும், எந்த இடத்தில் விளக்குக் கம்பத்தை முகட்டுக்குப் பின்னால் தள்ளலாம், வேலியில் எந்தக் கதவை எந்த மாதம் திறந்து வைக்கலாம் என்று அவர்களுடைய வரைபடத்திலேயே குறித்துக் கொடுங்கள். பருவக் கதவு என்றால் குறைந்தது 6–8 மீட்டர் அகலம் வேண்டும், இருபுறமும் புதர் மறைவு வேண்டும். குறுகலான கதவில் யானைக் கூட்டம் நுழையாது.

முதல் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் எழுதும்போது இறையாண்மை, வருமானம், விசா மூன்றையும் வைக்க வேண்டாம். தீ எச்சரிக்கை எண்கள், டேட்டம், கேமராக் கட்ட அளவு, மாட்டுத் தடுப்பூசி அட்டவணை, கூப்பு மாற்றத்துக்கான கள ஆய்வு நாள். ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் இரு பக்கத்திலும் பொறுப்பாளர் ஒருவர் வீதம் பதவிப் பெயரோடு, முடிக்கும் தேதியோடு. கூட்டக் குறிப்பு இரு மொழியிலும் அன்றே தயாராகி, கையெழுத்தான பிறகுதான் கலைய வேண்டும்.